இது உங்களுடையது

ரவானிகாய் தீவில் ஒரு பொருளைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. 'அது என்னுடையது இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். உன்னுடையது என்று தெரிந்துவிட்டால் தொலைந்தாய். சொந்தக்காரர் ஒருவர் வருவார், பாயில் உட்கார்ந்து நாலு ஊர்க்கதை பேசுவார், கடைசியில் 'புபுசி' என்ற சொல்லைப் போட்டுக் கேட்பார். அந்தச் சொல் விழுந்த பிறகு மறுக்க முடியாது. சைக்கிளைக் கேட்டால் சைக்கிள், பன்றியைக் கேட்டால் பன்றி. மறுத்தவன் பெயர் மனியாபாவில், அதாவது ஊரே கூடும் அந்தப் பெரிய கூரைக்கடியில், பேரன் காலம் வரைக்கும் நாறும். அந்தத் தீவில் சொந்தக்காரர் இல்லாதவர் என்று எவரும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரொருவாமாவுக்கு இந்தத் தப்பிக்கும் வித்தை அத்துப்படி. கவுன்சில் அலுவலகத்தின் ரேடியோப் பெட்டியைப் பல வருடமாக அவள்தான் பார்த்துவந்தாள். தலைநகர் தராவாவோடு பேச வேறு நாதியில்லை. 'மருமகன்கிட்ட ரெண்டே வார்த்தை' என்று எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். "ஐயோ, அது எனக்குச் சொந்தமில்லையே, அரசாங்கத்தோடதாச்சே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வாள். கேட்டவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. அரசாங்கம் என்ற கஞ்சன் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருந்ததால் தீவில் எல்லோரும் தாராளமாக இருக்க முடிந்தது.

மற்றபடி அவளிடம் கேட்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. புருஷன் தராவாவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். மகள் தெய்மா அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிப்பதால் அந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அந்தப் புதுப் பெண்டாட்டியின் பிள்ளைகளுக்குத் துணி துவைத்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். ரொருவாமா தன் தம்பி பிரிபோவின் வளவில் ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தாள். சம்பளத்தில் பாதியைத் தம்பி புபுசி என்று வாங்கிக்கொள்வான். மீதியில் அரிசி.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஒரு பருவம் போய்ப் பறித்துவிட்டு வந்தால் தராவாவில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்து மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேர்முகத் தேர்வு தராவாவில்தான் நடக்கும். கப்பல் வரும்போது வரும், திரும்பும்போது திரும்பும். மூன்று முறை பெயர் கொடுத்தாள், மூன்று முறையும் கப்பல் போய்ச் சேரும் முன்பே தேர்வு முடிந்திருந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு நாற்பத்து நாலு.

அப்போதுதான் அந்த வெள்ளைத் தட்டு வந்தது.

ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் அதைக் கொடுத்தது. தட்டைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் மாட்டினார்கள், பெட்டியைக் கவுன்சில் அலுவலகத்தில் வைத்தார்கள். வானத்திலிருந்து இணையம் இறங்கும். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஓர் அளவு. பள்ளிப் பாடம், ஆஸ்பத்திரி நர்ஸ் தராவா டாக்டரிடம் காட்டிக் கேட்பது, வேலைக்கான தேர்வு, இவற்றுக்குத்தான் அது. பெட்டிக்குப் பொறுப்பு ரொருவாமா. இனிமேல் தோட்டத்து நேர்முகமெல்லாம் திரையிலேயே நடக்கும் என்று சொன்னபோது அவள் அலுவலகத்துக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதாள்.

திறப்பு விழாவுக்கு நிறுவனத்திலிருந்து கிரேக் என்ற இமாத்தாங் வந்திருந்தான். வெள்ளைக்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனுஷன்தான், அதுதான் கோளாறே. விருந்தாளிக்குச் செய்யும் வழக்கப்படி தலையில் பூமுடி வைத்து, கழுத்தில் பவுடர் அப்பி, அக்குளில் சென்ட் அடித்து விட்டதற்கெல்லாம் கூச்சப்படாமல் சிரித்தான். பாபாய்க் கிழங்கை இரண்டாம் முறை வாங்கித் தின்றான். பிறகு எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துப் பேசினான். மொழிபெயர்த்தவள் ரொருவாமா.

"இது எங்களுடையது இல்லை. அரசாங்கத்துடையதும் இல்லை. இது உங்களுடையது. உங்கள் ஒவ்வொருவருடையதும்."

ரொருவாமா மைக்கைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, 'எல்லாரும் நல்லாயிருக்கணும்னு சொல்றார்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் யோக்கியமான பொம்பளை. சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். மனியாபாவில்தான் விழா. ஒவ்வொரு குலமும் தன் தன் தூணடியில் உட்கார்ந்திருந்தது. அத்தனை தலைகளும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின. அப்புறம் கைத்தட்டல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கிரேக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் பேச்சுக்குத்தான் அந்தக் கைத்தட்டல் என்று அவன் நினைப்பு.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. முதல் ஆள் அவள் தம்பி பிரிபோ.

"அக்கா, அந்த பாஸ்வேர்டு என்னமோ சொல்றாங்களே..."

"அது பள்ளிக்கூடத்துக்குடா."

"நீதானே காலைல மைக்குல சொன்னே, ஒவ்வொருத்தருக்கும் சொந்தம்னு? என்னோட பங்கை மட்டும் கொடு. புபுசிக்கா."

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? பிரிபோ கொடுத்தது சித்தப்பாவுக்கு, சித்தப்பா கொடுத்தது அவர் மச்சானுக்கு. ஒரு வாரத்துக்குள் கவுன்சில் அலுவலகத்து வேலியோரம் கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தார்கள், கள்ளைக் குடித்துக்கொண்டு போனைப் பார்த்தார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், பிஜித் தீவுப் பாட்டு, எவனோ இந்தோனேசியாக்காரன் சமைக்கிற வீடியோ. அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றியதைக் கேட்டு வந்தார்கள். மறுபடி கொடுத்தாள். ஒவ்வொரு மாதமும் பாதி தாண்டுவதற்குள் டேட்டா தீர்ந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிள்ளைகளின் பாடம் சுற்றிக்கொண்டே நின்றது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு பழைய ரேடியோப் பெட்டிக்கே திரும்பினாள்.

கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆக்லாந்தில் இருக்கும் மகனின் முகத்தை ஒன்பது வருடம் கழித்துப் பார்க்க வந்த தாயிடம் நீங்களாவது இல்லை என்று சொல்வீர்களா? அவள் போன பிறகு அதே போனில் அவள் பேரன் மல்யுத்தம் பார்ப்பான், அது வேறு விஷயம்.

ரொருவாமா நிறுவனத்துக்கு எழுதினாள். அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இது உங்களுடையது என்று தயவுசெய்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அதைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். பதில் இனிமையாக வந்தது. மக்களின் உரிமை உணர்வு வளர்ந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது என்றும், பயன்பாட்டைப் பற்றி மக்களே கூடிப் பேசி முடிவெடுப்பதுதான் நிலைத்த வளர்ச்சி என்றும், விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தலாமே என்றும் எழுதியிருந்தார்கள். கூட்டம் நடத்தினாள். எல்லோரும் வந்தார்கள், அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னார்கள், சாப்பிட்டார்கள், போகும்போது பாஸ்வேர்டு மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தோட்டத்து நேர்முகத்துக்குத் தேதி வந்தது. ரவானிகாயிலிருந்து இரண்டே பேர். காலையில் முதலில் ரொருவாமா, அவளுக்குப் பிறகு தெபானோ. தெபானோ அவளுடைய பெரியம்மா மகள் கதாராகெயின் பிள்ளை. இருபத்திரண்டு வயது, தோள் இரண்டும் படகுத் துடுப்பு மாதிரி இருக்கும். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று இருபது வருடம் அவனுக்குக் கையில் இருந்தது. அவளுக்கு இருந்தது இந்த ஒரு காலை.

அந்த மாதம் முதல் தேதியிலிருந்தே பெட்டியின் ஒயரைப் பிடுங்கித் தன் இடுப்பு முடிச்சில் வைத்துக்கொண்டாள். பெட்டி கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஊருக்குச் சொன்ன முதல் பொய். ஊரும் நம்பியது. அவள் மறுக்கவில்லையே, பெட்டிதானே மறுக்கிறது.

நேர்முகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஊர் மூத்தவர் தொகடாகேயின் மனைவி இறந்துபோனாள். மூன்று நாள் உடம்பைப் பாயில் கிடத்தி வைத்து அழுவார்கள். பிள்ளைகள் ஐந்து பேரும் நியூசிலாந்தில். கிழவர் ரொருவாமாவின் குடிசைக்குத் தானே நடந்து வந்தார். மனியாபாவில் அவர் இருமினால் ஊர் பேச்சை நிறுத்தும். அப்பேர்ப்பட்டவர் அவள் பாயில், அவளுக்கு எதிரே, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெட்டி கெடலேன்னு எனக்குத் தெரியும் மகளே. பரவாயில்லே. பிள்ளைங்க அம்மா முகத்தைப் பார்க்கணும்னு அழுவுதுங்க. புபுசி."

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

மூன்று நாளும் போனைப் பிணத்தின் தலைமாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐந்து பிள்ளைகளும் ஐந்து வீட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நடுநடுவே அழுகை நின்றுபோய், அங்கே யாரோ தேநீர் போடும் சத்தம் கேட்டது. அப்போதும் யாரும் அணைக்கவில்லை. பிணத்தின் முன்னால் போனை அணைப்பது மரியாதையில்லை என்று அதற்குள் ஒரு வழக்கம் பிறந்துவிட்டது.

நேர்முகத்தன்று விடிந்ததும் ரொருவாமா போய்ப் பார்த்தாள். கணக்கில் மிச்சமிருந்தது ஒருவர் உட்கார்ந்து பேசி முடிக்கும் அளவுக்குத்தான். இரண்டாவது ஆளுக்குப் பாதியில் அறுந்துவிடும். அவள் கவலைப்படவில்லை. முதல் ஆள் அவள்தானே. தெபானோவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், சின்னப் பையன், புரிந்துகொள்வான். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலை வாரினாள், பூப்போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். 'ஏணியில் ஏறுவேன், வெயில் தாங்குவேன், எனக்கு எந்த வியாதியும் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வாசலில் கதாராகெ நின்றாள். பின்னால் மகன், வெள்ளைச் சட்டை, யாரிடமோ வாங்கிய ஷூ.

"நீலம் உனக்கு எடுப்பா இருக்குடி ரொருவாமா."

"என்ன விஷயம், சொல்லு. நேரமாகுது."

"மிச்சம் ஒருத்தருக்குத்தான் இருக்காமே? பிரிபோ சொன்னான்."

ரொருவாமா கதவைத் திறந்தாள்.

"உனக்கென்னடி, உத்தியோகம் இருக்கு. மாசாமாசம் சம்பளம் வருது. இவன் கொப்பரை உடைச்சே சாகணுமா?"

"கதாராகெ, வேணாம். அந்த வார்த்தையைச் சொல்லாதே. உன் காலைப் பிடிக்கிறேன். எனக்கு இதான் கடைசி. மாசி பொறந்தா நாப்பத்தஞ்சு முடியுது. தெய்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. பாவம் அது." கதாராகெயின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. "ஆனா இவன் என் பிள்ளை."

தெபானோ, "வாம்மா, போயிடலாம்" என்று அவள் கையை இழுத்தான். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"புபுசி."

மறுத்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு ரொருவாமா எத்தனையோ முறை யோசித்தாள். உயிரா போயிருக்கும்? அந்தக் காலையில் அந்த யோசனையே வரவில்லை. தும்மினால் இமை மூடிக்கொள்வதுபோல அவள் கை தானாக நாற்காலியை இழுத்துப் பையனுக்குப் போட்டது. அதோடு விட்டாளா? பையனுக்கு ஆங்கிலம் தடுமாறியது. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவனுக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். ஏணியில் ஏறுவேன். வெயில் தாங்குவேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை. அவள் பாடம் பண்ணி வைத்திருந்ததை அவன் சொன்னான். திரைக்குள் இருந்த பெண் சிரித்தபடி எழுதிக்கொண்டாள். அவன் நன்றி சொல்லி எழுந்தான், ரொருவாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் உட்கார்ந்து 'காலை வணக்கம்' என்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ரேடியோவில் தராவாவுக்குச் சொல்லிப் பார்த்தாள். வராதவர்கள் பங்குனியில் நடக்கும் அடுத்த தேர்வுக்கு வரலாம் என்றார்கள். பங்குனியில் அவளுக்கு வயது கடந்துவிடும் என்றாள். அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

தெபானோவை எடுத்துக்கொண்டார்கள். வழியனுப்பு விருந்தில் கதாராகெ தன் கையாலேயே ரொருவாமாவுக்கு மீனின் நல்ல துண்டாக எடுத்து வைத்தாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. 'கேட்ட வாய் மூடுமுன்னே கொடுத்தவ' என்றார் தொகடாகே. அவள் சிரித்தாள். மீன் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கதாராகெயின் கழுத்தை நெரித்திருந்தால் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படவும் இல்லை.

அடுத்த வருடம் கிரேக் திரும்பி வந்தான். ஆய்வுக்காம். காகிதமெல்லாம் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனான். இந்தக் கடல் வட்டாரத்திலேயே அதிகமாகப் பயன்படுத்திய தீவு ரவானிகாய்தானாம். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லையாம். இந்தக் கதையைப் படம் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் பத்துத் தீவுக்குத் தட்டு வாங்கலாம் என்றான். பெட்டியைப் பார்த்துக்கொண்ட பெண்மணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'இது என் வாழ்க்கையை மாற்றியது' என்று.

மனியாபா நிறைந்திருந்தது. கேமரா தயார். ரொருவாமாவைத் தூணடியிலிருந்து எழுப்பி நடுவில் நிறுத்தினார்கள். அவள் கேமராவையே பார்த்தபடி நின்றாள். 

கிரேக் அவளுக்கு வெட்கம் என்று நினைத்தான். இந்த ஒரு வருடத்தில் அவன் நிறையக் கற்றுக்கொண்டிருந்தான். கேமராவை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து, அவள் முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், தலையைத் தாழ்த்தினான், பெண்களை மரியாதையாக அழைக்கும் 'நேய்' போட்டு, அவர்கள் மொழியிலேயே அழகாகச் சொன்னான்.

"நேய் ரொருவாமா, உங்ககிட்ட கேக்கறேன். புபுசி."

மனியாபா வெடித்துச் சிரித்தது. கிழவிகள் தொடையில் தட்டினார்கள். "பாருங்கடி, இமாத்தாங்குக்கு யாரு சொல்லிக் கொடுத்தது!" தொகடாகேகூடப் பல் தெரியச் சிரித்தார். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"மாட்டேன்" என்றாள் ரொருவாமா.

சிரிப்பு உடனே நிற்கவில்லை, ஓரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள், பிறகு ஒவ்வொரு தூணாக நின்றது. கிரேக் அவளை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா" என்றான் பிரிபோ, பல்லைக் கடித்துக்கொண்டு. "விருந்தாளி. கேட்டுட்டாரு."

"காதுல விழுந்துது. மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானேடி" என்றாள் கதாராகெ. "என்ன சொத்தா எழுதிக் கேக்கறாரு? பேராசை பிடிச்சவளே, ஒரு வார்த்தையைக்கூடப் பொத்தி வெச்சுக்குவியா?"

தொகடாகே இருமினார். கூட்டம் அடங்கியது. அவர் ரொருவாமாவைப் பார்க்கவில்லை. விருந்தாளியிடம், எங்களை மன்னித்துவிடு, எங்கள் பிள்ளை ஒருத்தி மரியாதை தெரியாமல் வளர்ந்துவிட்டாள் என்று கைகூப்பிச் சொன்னார். அந்தக் கிழவர் அவள் பாயில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் அவருக்கு மறந்தே போயிருந்தது. பிறகு கதாராகெயை அழைத்து நிறுத்தினார்கள். அவள் அழகாகச் சொன்னாள், மகன் பெயரைச் சொல்லும்போது கண்ணீரும் வந்தது. கிரேக்குக்குத் திருப்தி. யாரோ ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதானே.

மறுநாள் காலை பிரிபோ பணம் கேட்டு வரவில்லை. வேலியோரம் யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. கவுன்சிலில் வேறொருத்தியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள், ஒயரைத் திருப்பிக் கொடு என்று கேட்கக்கூட ஆள் வரவில்லை, அவள் மேஜையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் அவளைப் பற்றிப் பேச இப்போது ஒரே கதைதான் இருந்தது. வருடம் முழுக்கக் கொடுத்தவள் என்பது அந்தக் கதையில் இல்லை.

வாரக் கடைசியில் தராவாவிலிருந்து கப்பல் வந்தது. தெய்மா காய்ச்சலில் கிடக்கிறாள் என்று மாலுமி ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். கப்பல் மத்தியானம் திரும்புகிறது. ரொருவாமாவின் கையில் டிக்கெட்டுக்குப் பாதிகூட இல்லை. அடுத்த வீட்டில் கதாராகெ மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய பணம் அந்த வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். ஒரு சொல் போதும், கதாராகெயால் மறுக்க முடியாது.

வேலி வரைக்கும் போனாள். கதாராகெ நிமிர்ந்து பார்த்தாள், கரண்டியைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள். முற்றத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருமுறை மறுத்தவளுக்கு இனி அந்தச் சொல்லை வாயில் எடுக்க உரிமையில்லை. அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ரொருவாமா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் ஊதியது.